சீட்டிலிருந்து செயின் வரை: லெனேசியாக் குளிர்காலத்தில் வீட்டிலேயே சைக்கிள் சரிசெய்யும் வழி

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ஜூன் பிறந்துவிட்டால் காலைச் சவாரி கைவிரலில்தான் முதலில் வலிக்கும். மாதக் கடைசியில் சூரியன் 6.50-ஐத் தாண்டித்தான் எழும். நகரின் தெற்குப் புறநகரான லெனேசியாவிலிருந்து அதன் மையம் சுமார் 35 கிலோமீட்டர்; அவ்வளவு தூரத்தை இருட்டில், உறைபனி படிந்த சாலையில் ஓட்டிப் போக எனக்கும் மனம் வருவதில்லை. ஊரில் ஆடி என்றால் காற்று. இங்கே ஆடி என்றால் நடுக்குளிர், மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சும் மாதம், அப்புறம் மழையே இல்லாத வறண்ட வானம்.

சவாரி குறையும் இந்த இரண்டு மாதம்தான் சைக்கிளைப் பிரித்துப் பார்க்க ஏற்ற காலம். வாரத்துக்கு ஒரே ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால் ஆகஸ்ட் முடிவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். செப்டம்பரில் பயிற்சியைத் தொடங்கி, நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் நடக்கும் நெடுந்தூரச் சவாரிக்கு நிம்மதியாகப் போகலாம். பலர் செயினிலிருந்து தொடங்குவார்கள். நான் சீட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். அதற்குக் காரணம் என் அத்தானின் முழங்கால்.

அக்காவும் அத்தானும் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார்கள். அத்தான் வாரத்தில் நான்கு நாள் சைக்கிளைப் பக்கியில் (பின்னால் திறந்த சிறு சரக்கு வண்டி) ஏற்றிக்கொண்டு போய்க் கடற்கரை நடைபாதையில் ஓட்டுவார். ஒரு வருடமாக முழங்காலின் முன்பக்கம் வலி. தைலம் தேய்த்தார், துணி கட்டினார், ஓய்வும் எடுத்துப் பார்த்தார். ஒரு ஜூலை விடுமுறையில் போயிருந்தபோது அவர் ஓட்டுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். பெடல் அடிமட்டத்துக்கு வந்தபோதும் கால் நன்றாக மடங்கியே இருந்தது. சீட் மிகத் தாழ்வு. "ஏத்திடலாமே அத்தான்" என்றேன். "ஏறாதுப்பா, நாலு வருஷமா அசையல" என்றார். உப்புக்காற்றில் சீட் கம்பி சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தது. அதை எப்படிக் கழற்றினோம் என்பதைக் கீழே சொல்கிறேன். முதலில் சீட்டின் அளவு.

சீட்டைச் சரிவைத்தல்

வேண்டியவை: ஆலன் கீ செட், அளவு நாடா, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், நூலில் கட்டிய ஒரு நட்டு, கெட்டி அட்டை போட்ட புத்தகம், ஒட்டும் டேப், ஒரு நோட்டுப் புத்தகம். கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம்.

எதையும் தளர்த்துவதற்கு முன்னால், இப்போது இருக்கும் அளவை எழுதிக்கொள்ளுங்கள். பெடல் கைகளான கிராங்க் சுழலும் நடு அச்சிலிருந்து சீட் கம்பியின் போக்கிலேயே சீட்டின் மேல்பரப்பு வரை எத்தனை மில்லிமீட்டர்? சீட்டின் மூக்கு ஹேண்டில்பாரிலிருந்து எவ்வளவு தூரம்? கம்பி சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். புதிய அளவு ஒத்துவராவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வேறு வழியில்லை. இதைச் செய்யாமல் தளர்த்திவிட்டு ஒரு மாதம் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி சாய்வு. சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி, சீட்டின் மேல் நீளவாக்கில் புத்தகத்தை வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவில் நிற்கட்டும். பெரும்பாலோருக்கு இந்தச் சமநிலையே போதும். மூக்கு ஒன்றிரண்டு டிகிரி இறங்கியிருந்தாலும் தவறில்லை. மூக்கு மேலே தூக்கியிருந்தால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். ரொம்ப இறங்கியிருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் உள்ளங்கையில் விழும். கை மரத்துப்போகிறது என்று கையுறை மேல் கையுறை வாங்குகிறவர்கள் முதலில் ரசமட்டத்தை எடுத்துச் சீட்டைப் பார்க்க வேண்டும்.

அடுத்து உயரம், எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தமாக மேலே தூக்கி, அதன் மேல் விளிம்பு சுவரில் படும் இடத்தில் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உங்கள் கால் நீளம். அதை 0.883-ஆல் பெருக்குங்கள். கால் நீளம் 80 சென்டிமீட்டர் என்றால் விடை 70.6. கிராங்க் நடு அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த அளவு வரட்டும்.

இது ஆரம்ப அளவு, அவ்வளவுதான். இதைக் காலால் சோதிக்க வேண்டும். சீட்டில் ஏறி உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது கால் நேராக நீண்டு, குதிகால் பெடலை விட்டு எழாமல் இருக்க வேண்டும். பிறகு ஓட்டும்போது வைப்பதுபோல முன்பாதத்தை வைத்தால் முழங்காலில் 25 முதல் 35 டிகிரி வரை மடிப்பு விழும். கூட இருப்பவரைப் பின்னால் நின்று இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் அதிக உயரத்தில் இருக்கிறது.

குளிர்காலத்தில் மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு. தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ காலை நீளமாக்கும். பஞ்சு வைத்த தடித்த கால்சட்டை உடம்பைச் சீட்டிலிருந்து தூக்கிவிடும். கோடைச் செருப்போடு அளந்துவிட்டு ஜூலையில் பூட்ஸ் போட்டு ஓட்டினால் அளவு மாறித்தான் போகும். எதைப் போட்டு ஓட்டுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டே சோதியுங்கள்.

மூன்றாவது, முன்னும் பின்னும். கிராங்க் தரைக்குக் கிடையாக இருக்கும்படி பெடலை நிறுத்துங்கள். முன்னால் இருக்கும் காலின் முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டிலிருந்து நட்டுக் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள், கொத்தனார் தூக்குக்குண்டு விடுவது போல. நூல் பெடலின் அச்சைத் தொட்டு விழுந்தால் போதும். முன்னால் விழுந்தால் சீட்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பின்னால் விழுந்தால் முன்னுக்கு. இது கல்லில் செதுக்கிய விதியில்லை, ஆனால் தொடங்க இதைவிடத் தெளிவான இடம் கிடையாது. சீட்டைப் பின்னால் தள்ளினால் பெடலுக்கும் உங்களுக்கும் தூரம் கூடிவிடும் என்பதால் உயரத்தை மறுபடி அளந்து கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும்.

இதற்குப் பிறகு பொறுமைதான் வேலை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதுவும் 3 முதல் 5 மில்லிமீட்டர். இரண்டு மூன்று சவாரி முடிந்த பிறகே அடுத்தது. உயரத்தையும் சாய்வையும் ஒரே நாளில் மாற்றினால், வலி குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று தெரியாது. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாகவோ அதிகம் முன்னாலோ இருக்கும். முழங்காலின் பின்பக்கம் இழுத்தால் சீட் உயரம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. எல்லாம் சரியாக இருந்தும் உட்காருமிடம் வலித்தால், சீட்டின் அகலம் பொருந்தவில்லை. மேடு பள்ளமாக மடித்த பெட்டி அட்டை ஒன்றைக் கெட்டியான நாற்காலியில் போட்டு, அதன் மேல் குனிந்து உட்கார்ந்து எழுங்கள். இரண்டு குழிகள் விழுந்திருக்கும், நீங்கள் உட்காரும் எலும்புகளின் தடம் அது. குழிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அந்த எண்ணோடு கடைக்குப் போங்கள். மெத்தென்று இருக்கிறது என்று தொட்டுப் பார்த்து வாங்காதீர்கள். ரொம்ப மெத்தான சீட்டில் எலும்பு அமுங்கி, நடுப்பகுதி எழும்பி, நீண்ட தூரத்தில் வலி அதிகமாகும்.

பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். புதிதாகப் பழகும் குழந்தைக்கு, உட்கார்ந்தபடியே இரண்டு முன்பாதமும் தரையைத் தொடும் உயரம்தான் சரி. பயம் போன பிறகு மாதம் ஒரு விரற்கடை ஏற்றலாம். கஞ்சிப் பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப்பிள்ளைகளின் சைக்கிள்கள் என் வீட்டு வாசலில் வரிசையாக நிற்கும். அவற்றில் முக்கால்வாசிக்குச் செய்ய வேண்டியது சீட்டை ஏற்றுவது மட்டும்தான். பிள்ளை வளர்ந்துவிட்டது, சீட் வளரவில்லை.

ஒட்டிப்போன சீட் கம்பி

அலுமினியக் கம்பி, இரும்புச் சட்டம், நடுவில் உப்பு ஈரம். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு சின்ன மின்கலம் மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடி உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் கம்பி உள்ளேயே இறுகிவிடும். லெனேசியாவின் வறட்சியில் இது மெதுவாக நடக்கும். டர்பன் கடற்கரையில் வேகமாக நடக்கும். வியர்வையும் உப்புதான் என்பதால் உள்நாட்டில் இருப்பவர்களும் தப்ப முடியாது.

அத்தானின் சைக்கிளுக்குச் செய்தது இதுதான். சீட் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் கழுத்துப் பட்டையின் போல்ட்டை முழுவதும் கழற்றி, பட்டையை மேலே தள்ளிவிட்டு, கம்பி நுழையும் விளிம்பைச் சுற்றித் துருவிளக்கும் எண்ணெயைவிட்டோம். காலையும் மாலையும் விட்டு, சட்டத்தை ரப்பர்ச் சுத்தியால் மெல்லத் தட்டினோம், எண்ணெய் உள்ளே இறங்கட்டும் என்று. மூன்று இரவு அப்படியே கிடந்தது. நான்காம் நாள் நான் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, அத்தான் சீட்டையே கைப்பிடியாக வைத்து இடவலமாகத் திருகினார். மேலே இழுக்கக் கூடாது, முதலில் திருகத்தான் வேண்டும். ஒரு கிறீச் சத்தம் கேட்டது, பிறகு மயிரிழை அசைந்தது. எண்ணெய், திருகு, எண்ணெய், திருகு என்று அரை மணி நேரத்தில் வெளியே வந்தது. சீட்டை 32 மில்லிமீட்டர் ஏற்றவேண்டியிருந்தது. ஒரேயடியாக ஏற்றாமல் ஆறு வாரத்தில் ஏற்றினோம். அந்த வலி பிறகு வரவில்லை.

இதை உங்களுக்கு வரவிடாமல் தடுக்கப் பத்து நிமிடம் போதும். டேப் ஒட்டி, கம்பியை வெளியே இழுத்து, அதையும் சட்டத்தின் உள்வாயையும் துணியால் துடையுங்கள். வெள்ளைப் பொடி இருந்தால் நைசான உப்புத்தாளால் தேயுங்கள். உலோகக் கம்பியாக இருந்தால் மெல்லிய படலமாகக் கிரீஸ் தடவிச் செருகுங்கள். கார்பன் கம்பிக்கோ கார்பன் சட்டத்துக்கோ கிரீஸ் கூடாது. அதற்கென்று விற்கும் மணல் போன்ற பசையைத்தான் தடவ வேண்டும். கம்பியில் குறைந்தபட்ச ஆழத்துக்கான கோடு ஒன்று பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரிந்தால் கம்பி உங்களுக்குப் போதாது, நீளமானது வாங்குங்கள். பட்டையின் மேல் எத்தனை நியூட்டன் மீட்டர் (முறுக்கும் விசையின் அளவு) என்று அச்சிட்டிருந்தால் அதற்கு மேல் முறுக்காதீர்கள். உள்நாட்டில் வருடம் ஒருமுறை, கடற்கரையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

நெருஞ்சியும் பஞ்சரும்

இங்கே ஆப்பிரிக்கான்ஸில் டுவல்கி என்று சொல்லும் முள், நம்ம நெருஞ்சிதான். அதே மஞ்சள் பூ, தரையோடு படரும் அதே கொடி. கோடையில் பச்சையாகக் கிடந்த காய் குளிர்காலத்தில் காய்ந்து ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டும் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் மேட்டுநிலமான ஹைவெல்டின் மண்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இதோடுதான் வாழ்க்கை.

முள் குத்தியிருப்பதைப் பார்த்தவுடன் பிடுங்காதீர்கள். அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். டயரின் கம்பெனிப் பெயர் எப்போதும் வால்வுக்கு நேராக இருக்கும்படி மாட்டியிருந்தால், டியூபில் ஓட்டை கிடைத்ததும் டயரில் எந்த இடம் என்று உடனே தெரிந்துவிடும். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லீவரால் கழற்றி டியூபை வெளியே எடுங்கள். லேசாகக் காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்கினால் குமிழி வரும். ஒரு ஓட்டையோடு நிறுத்தாமல் முழுச் சுற்றும் பாருங்கள். நெருஞ்சி ஒரு தடவையில் மூன்று நான்கு இடத்தில் குத்தக்கூடியது.

ஓட்டையைச் சுற்றி ஒட்டுத்துண்டைவிடப் பெரிய வட்டத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பு போனதும் சோல்யூஷனை மெல்லியதாகத் தடவுங்கள். எல்லோரும் தவறு செய்வது இங்கேதான், ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிடுகிறார்கள். தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும். கோடையில் ஐந்து நிமிடம். குளிரில் அதைவிட நேரம் பிடிக்கும், அவசரப்படாதீர்கள். பிறகு ஒட்டுத்துண்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்து, மேலே கொஞ்சம் முகப்பவுடர் தூவுங்கள்.

டியூபைத் திரும்ப மாட்டுவதற்கு முன், டயரின் உள்பக்கம் முழுவதும் பழைய பருத்தித் துணியால் துடைத்துக்கொண்டே வாருங்கள். உடைந்த முள்முனை துணியின் நூலைப் பிடித்து நிறுத்தும். வெறும் விரலால் தடவினால் அது விரலில்தான் ஏறும். டியூபே இல்லாத டயர் போட்டிருப்பவர்கள், உள்ளே ஊற்றிய அடைக்கும் பால் காய்ந்துவிட்டதா என்று ஜூலையில் ஒருமுறை பாருங்கள். சக்கரத்தைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் திரவம் சளசளக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் காய்ந்துவிட்டது. வறண்ட காற்றில் இரண்டு மூன்று மாதத்தில் அப்படித்தான் ஆகும்.

காற்றைப் பற்றி ஒரு சின்ன விஷயம். 20 டிகிரி இருக்கும் அறைக்குள் 80 பிஎஸ்ஐ அடித்துவிட்டு, பூஜ்யம் டிகிரியில் வெளியே எடுத்துப் போனால் அது சுமார் 74-க்கு இறங்கிவிடும். பஞ்சர் என்று பயப்படவேண்டாம். குளிர்ந்த இடத்திலேயே வைத்துக் காற்றடித்தால் போதும்.

செயின்

ஜூலை மாலைகளில் டூர் டி பிரான்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் நான் செயினைத் துடைப்பேன். 2015-இல் தென்னாப்பிரிக்காவின் குபேகா அணி முதல்முறையாக அந்தப் பந்தயத்தில் ஓடியது. எரித்திரியாவின் டானியல் தெக்லெஹைமனோட் மலையேற்ற வீரருக்கான புள்ளிச் சட்டையை அணிந்தார். ஜூலை 18, மண்டேலா நாள் அன்று அதே அணியின் ஸ்டீவ் கம்மிங்ஸ் மாண்ட் நகரில் வெற்றிக்கோட்டைத் தாண்டியபோது கையில் கறுப்புத் துணியோடு கத்திவிட்டேன். இப்போதும் செயினைத் தொட்டால் அந்த நாள் நினைவுக்கு வரும்.

துடைப்பதற்கு முன் தேய்மானத்தை அளந்து பாருங்கள். செயினின் ஒவ்வொரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் அரை அங்குலம், ஆக 24 இடைவெளிக்கு 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். இரும்பு ஸ்கேலை ஒரு ஊசியின் நடுவில் வைத்து அளக்கும்போது 306.3-க்கு வந்திருந்தால் செயின் அரை சதவிகிதம் நீண்டுவிட்டது. பின்னால் 11 அல்லது 12 பல்சக்கரம் உள்ளவர்கள் அப்போதே மாற்றிவிடுங்கள். பழைய சைக்கிள்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். தேய்ந்த செயினை விட்டுவைத்தால் அது பல்சக்கரங்களையும் சேர்த்துத் தின்றுவிடும், செலவு பல மடங்கு.

அழுக்கு எடுக்க பாரஃபின் போதும், ஊரில் மண்ணெண்ணெய் என்பது அதுதான். பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் இணைப்பு இணைப்பாகத் தேய்த்து, துணியால் துடைத்து, முழுவதும் காயவிடுங்கள். ஒவ்வொரு உருளையின் உள்பக்கத்திலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைச் சுற்றி, பத்து நிமிடம் கழித்து வெளியில் இருப்பதை எல்லாம் துடைத்து எடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள். வெளியே மினுமினுக்கும் எண்ணெய் புழுதியைப் பிடித்து அரைமாவு மாதிரி ஆகிவிடும். ஹைவெல்டின் குளிர்காலப் புழுதிக்கு மெழுகு வகை எண்ணெய் நல்லது. டர்பன் ஈரத்துக்குக் கெட்டியான எண்ணெய்.

பிரேக்

சுருக்கமாகச் சொல்கிறேன். ரப்பர்க் கட்டையில் இருக்கும் பள்ளக்கோடு மறைந்திருந்தால் மாற்றுங்கள். கட்டை ரிம்மில் மட்டும்தான் படவேண்டும், டயரில் அல்ல. ரிம்மின் பக்கச்சுவர் விரலுக்குக் குழிவாகத் தெரிந்தால் ரிம்மே தேய்ந்துவிட்டது, அதை நம்பி இறக்கத்தில் இறங்காதீர்கள். தட்டு பிரேக் என்றால் தட்டில் எண்ணெயோ கைரேகையோ படவிடாதீர்கள். செயினுக்கு எண்ணெய் விடும்போது பின்தட்டை ஒரு துணியால் மூடுங்கள்.

வேலை செய்யும் அறை

குளிர் தாங்காமல் கராஜின் கதவை மூடிக்கொண்டு உள்ளே இம்பாவுலா என்னும் ஓட்டை போட்ட தகர அடுப்பில் கரி போட்டுக் கணப்பு மூட்டுவது இங்கே பலருக்கும் பழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, புகையும் கிடையாது. தூக்கம் வருகிறது என்று சாய்ந்தவர் எழுந்திருக்க மாட்டார். கதவைத் திறந்துவைத்து, இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மதிய வெயிலில் வேலை செய்யுங்கள். ஜூலையிலும் மதியம் பதினாறு பதினேழு டிகிரி இருக்கும். பாரஃபின் பக்கத்தில் ஹீட்டரோ அடுப்போ வேண்டாம். மீந்த பாரஃபினைக் கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. தண்ணீர் போலவே இருக்கும், குழந்தைகள் குடித்துவிடும். இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில், வெயில் ஏறிய ஒரு காலையில், ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஹெல்மெட் இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம், அது இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகாதீர்கள். சட்டைப்பையில் ஆலன் கீ இருக்கட்டும். புதிதாக முறுக்கிய போல்ட்டுகள் முதல் சவாரியில் கொஞ்சம் தளரும், சீட்டின் அடியில் இருப்பவை முக்கியமாக. வீட்டுக்கு வந்ததும் அவற்றை ஒருமுறை முறுக்கி, கிராங்க் அச்சிலிருந்து சீட் வரை மறுபடி அளந்து, நோட்டில் தேதியோடு எழுதுங்கள். கம்பியில் ஒட்டிய டேப் நகராமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நகர்ந்திருந்தால் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. கழற்றி, துடைத்து, மறுபடி செருக வேண்டியதுதான்.